ஒரே பூவுக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு எண் சொன்னால்

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். நான்கு பூக்கள் உள்ள கிளையைப் பையால் மூடி, நிமிடத்துக்கு 1 லிட்டர் சுத்தக் காற்றை உள்ளே தள்ளுகிறோம். பையிலிருந்து நிமிடத்துக்கு 200 மி.லி. மட்டும், மணச் சேர்மங்களைப் பிடித்துவைக்கும் பொறிக்குழாய் வழியாக வெளியே இழுக்கிறோம். இரண்டு மணி நேரம் கழித்துக் குழாயில் 80 நானோகிராம் லினலூல் என்ற பூமணச் சேர்மம் இருக்கிறது. அப்படியானால் பூ எவ்வளவு லினலூல் விடுகிறது?

80-ஐ இரண்டு மணியாலும் நான்கு பூவாலும் வகுத்தால் பூவுக்கு மணிக்கு 10 நானோகிராம். ஆனால் உள்ளே போன காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் குழாய்க்குள் வந்தது, மீதி பையின் கழுத்து வழியே கசிந்து போய்விட்டது. ஆகவே ஐந்தால் பெருக்க வேண்டும், அப்போது 50. ஒரு பூவின் எடை 0.25 கிராம் என்றால், கிராம் பச்சை எடைக்கு 200. பூவில் 85% நீர் என்று வைத்து உலர் எடைக்கு மாற்றினால் 1,333. குழாய் ஒன்று, பீக் (வரைபடத்தில் அந்தச் சேர்மத்தின் முகடு) ஒன்று, கருவி (சேர்மங்களைப் பிரித்து அளக்கும் வாயு குரோமட்டோகிராஃப்) ஒன்று. விடை மட்டும் 10, 50, 200, 1,333.

இரண்டு ஆய்வகங்களின் எண்கள் ஒத்துப்போகாதபோது உடனே பழி விழுவது செடிமேல்தான். "செடி வேறு, மண் வேறு, பருவம் வேறு" என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுவார்கள். செடி மாறும், மறுக்கவில்லை. ஆனால் வேறுபாட்டில் எவ்வளவு கணக்கிலிருந்து வந்தது, எவ்வளவு குழாயிலிருந்து, எவ்வளவு கருவியிலிருந்து என்று பிரித்துப் பார்த்த பிறகு எஞ்சுவதைத்தான் செடியின் தலையில் கட்டலாம்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. ஒரே ஆள் ஒரே கருவியில் திரும்பச் செய்தால் கிடைக்கும் ஒற்றுமை வேறு, ஆளும் கருவியும் இடமும் மாறியும் கிடைக்கும் ஒற்றுமை வேறு. பகுப்பாய்வு வேதியியலாளர் வில்லியம் ஹார்விட்ஸ் பல ஆய்வகங்கள் சேர்ந்து செய்த பகுப்பாய்வுகளைத் திரட்டி 1980-இல் ஒரு போக்கைக் காட்டினார்: செறிவு நூறு மடங்கு குறையக் குறைய, ஆய்வகங்களுக்கிடையேயான சார்பு விலகல் இரட்டிக்கிறது. பொருளில் 1% இருந்தால் விலகல் 4% அளவில், பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால் 16%, நூறு கோடியில் ஒரு பங்கு என்றால் 45%. அவர் பார்த்தது பெரும்பாலும் நன்றாகக் கலந்து, சமமாகப் பங்கிட்டு அனுப்பிய மாதிரிகள். பையில் நாம் பிடிக்கும் டெர்பீன்களும் (லினலூல் போன்ற மணச் சேர்மங்கள்) அந்தக் கடைசி அளவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், அதுவும் மாதிரி உயிரோடு. எனவே 30% வேறுபாட்டைக் கண்டு பதற வேண்டாம். ஐந்து மடங்கு வேறுபாடு என்றால் எங்கோ பிழை இருக்கிறது, பெரும்பாலும் மேலே சொன்ன பெருக்கலில்.

பைக்குள்

பையின் கொள்ளளவைக் காற்றோட்டத்தால் வகுத்தால் வருவது, பைக் காற்று ஒரு முறை புதுப்பிக்கப்படும் நேரம். 3 லிட்டர் பைக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர் காற்று என்றால் 3 நிமிடம். செறிவு நிலைபெற்ற மட்டத்தில் 95%-ஐத் தொட இதுபோல் மூன்று மடங்கு நேரம், அதாவது 9 நிமிடம் வேண்டும். அதே பைக்கு நிமிடத்துக்கு 200 மி.லி. மட்டும் விட்டால் ஒரு சுற்றுக்கு 15 நிமிடம், 95%-க்கு 45 நிமிடம். பையைக் கட்டிய உடனே குழாயைச் சொருகி அரை மணி நேரம் மட்டும் பிடிப்பவர்கள் ஏறுமுகத்தை அளக்கிறார்கள், மட்டத்தை அல்ல. நெறிமுறைத் தாளில் "பையைக் கட்டிப் பத்து நிமிடம் கழித்து" என்று எழுதினால் போதாது. கொள்ளளவும் ஓட்டமும் மாறினால் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பொருளே மாறிவிடும்.

காத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. இலை கசங்கினால் (இசட்)-3-ஹெக்சினல் சில நொடிகளிலேயே கிளம்பும், பின்னாலேயே அதன் ஆல்கஹாலும் அசிட்டேட்டும் வரும். சுரப்பி மயிர்கள் உள்ள இலை என்றால் விரல் பட்டாலே சேமிப்பிலிருந்த டெர்பீன்கள் கொட்டும். வெட்டிய கிளையில் அளப்பவர்களுக்கும் தொட்டிச் செடியில் அளப்பவர்களுக்கும் இந்தப் பசுமை வாசனைச் சேர்மங்கள் ஒத்துப்போகவே போகாது. அவற்றைத் தனி வரிசையாகக் காட்டுவதே மேல், மொத்தத்தில் சேர்க்கக் கூடாது.

வெப்பநிலை பற்றி எல்லோரும் ஒரு வரி எழுதுகிறார்கள், அது பெரும்பாலும் அறையின் வெப்பநிலை. விளக்குக்குக் கீழே கட்டிய பை ஒரு குட்டிப் பசுமைக்குடில், உள்ளே பல டிகிரி கூடுதலாக இருக்கும். சேமிப்பிலிருந்து ஆவியாகும் மோனோடெர்பீன்களுக்கு (10 கார்பன் கொண்ட சிறிய டெர்பீன்கள்) வழக்கமாகப் பயன்படுத்தும் சமன்பாட்டில் ஒரு டிகிரிக்கு 0.09 என்ற அடுக்கு மாறிலி உண்டு, ஒப்பீட்டு வெப்பநிலை 30 °செ. அதன்படி 3 டிகிரி கூடினால் உமிழ்வு 1.31 மடங்கு, 10 டிகிரிக்கு ஏறத்தாழ 2.5 மடங்கு. மெல்லிய தெர்மோகப்பிளைப் பைக்குள்ளே, விளக்கொளி நேரே படாத இடத்தில் வைத்து அந்த எண்ணை எழுதுங்கள். ஆனால் அப்போதே செய்யப்பட்டு அப்போதே வெளியேறும் பூமணத்துக்கு இந்த 0.09-ஐப் போட்டுத் திருத்தக் கூடாது. அங்கே நொதிகளும் உயிர்க்கடிகாரமும்தான் பேசும்.

கடிகாரம் என்றதும் "காலை 10 மணிக்கு அளந்தோம்" என்ற வாக்கியம் நினைவுக்கு வருகிறது. வளர்ப்பு அறையில் அதற்குப் பொருள் இல்லை. விளக்கு எரியத் தொடங்கி எத்தனை மணி நேரம் ஆனது என்பதே வேண்டும். பெட்டூனியாவின் மெத்தில் பென்சோயேட் இரவில் உச்சம் தொடும். ஆன்ட்டிரைனம் (ஸ்னாப்டிராகன்) அதே சேர்மத்தைப் பகலில் விடும். பூ மலர்ந்து எத்தனையாவது நாள், மகரந்தம் சேர்ந்துவிட்டதா என்பதும் வேண்டும். மகரந்தச் சேர்க்கைக்குப் பின் பெட்டூனியா மணம் விடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

பொறிக்குழாய்

குழாய்க்குள் மணத்தைப் பிடிக்கும் உறிஞ்சுபொருள்களில் டீனாக்ஸ் டிஏ 350 °செ. வரை தாங்கும், அதனால் பிடித்ததை வெப்பத்தால் விடுவிக்கலாம். பொராபாக் க்யூ 250 °செ. வரைதான், அதைக் கரைப்பானால் கழுவுவதே வழக்கம். இந்த இரண்டையும் ஒப்பிடும்போது அடிப்படை வேறுபாடு ஒன்றை மறக்கக் கூடாது. 300 மைக்ரோலிட்டர் டைகுளோரோமீத்தேனில் கழுவி 1 மைக்ரோலிட்டர் செலுத்தினால், குழாயில் இருந்ததில் முந்நூறில் ஒரு பங்குதான் கருவிக்குப் போகிறது. வெப்ப முறையில் கிட்டத்தட்ட முழுவதையும் அனுப்ப முடியும், ஆனால் தவறினால் மறுவாய்ப்பு கிடையாது. முந்நூறில் ஒரு பங்கு போதவில்லையே என்று கரைசலை நைட்ரஜன் ஊதிக் குறைப்பவர்கள் உண்டு. கரைப்பானோடு மோனோடெர்பீன்களும் பறந்துவிடும், 15 கார்பன் கொண்ட கனமான செஸ்குவிடெர்பீன்கள் நிற்கும். விகிதமே புரண்டுவிடும். செய்யாதீர்கள்.

குழாய் நிரம்பி வழிவது கண்ணுக்குத் தெரியாது. எளிய சோதனை: இரண்டு குழாய்களைத் தொடராக இணைத்து, பின்னதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. 5%-க்கு மேல் போனால் வழிந்துவிட்டது என்று பொருள். பாதுகாப்பான அளவு, வழியத் தொடங்கும் கன அளவில் மூன்றில் இரண்டு பங்கு. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் அந்தக் கன அளவு ஏறக்குறையப் பாதியாகும். ஆகவே 20 °செ. அறையில் சரியாக இருந்த குழாய் 30 °செ. பசுமைக்குடிலில் சரியாக இருக்கும் என்று நம்பக் கூடாது. ஐசோப்ரீனைப் பிடிக்க டீனாக்ஸ் மட்டும் போதாது, கார்பன் வகை உறிஞ்சுபொருளைப் பின்னால் சேர்க்க வேண்டும்.

எனக்கு இதைவிடப் பிடித்த சோதனை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் டிஓ-17 முறையில் இருக்கிறது. ஒரே காற்றிலிருந்து ஒரே நேரத்தில் ஒரு குழாயில் 1 லிட்டரும் இன்னொன்றில் 4 லிட்டரும் இழுக்க வேண்டும். லிட்டருக்கு எத்தனை நானோகிராம் என்பது இரண்டிலும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் வழிதல், சிதைவு, அழுக்கு, ஓட்டமானிப் பிழை, இவற்றுள் ஏதோ ஒன்று இருக்கிறது. ஒரே சோதனையில் நான்கு சந்தேகம் தீர்கிறது, கூடுதல் செலவு ஒரு குழாய்தான்.

ஓட்டமானி பற்றி: ரோட்டாமீட்டரின் (மிதவை ஓட்டமானியின்) எண் அழுத்தத்தைப் பொறுத்தது. குழாயின் உறிஞ்சுபொருள் எவ்வளவு இறுக்கமாக அடைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து ஓட்டம் குழாய்க்குக் குழாய் மாறும். அளவுத்திருத்தம் செய்யும்போது குழாயைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்வதுதான் வழக்கமான தவறு. குழாய் இருந்த நிலையிலேயே, அதன் நுழைவாயிலில் சோப்புக்குமிழி ஓட்டமானியை இணைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து சராசரியை எடுக்க வேண்டும். இரண்டும் 10%-க்கு மேல் விலகினால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுவது என் வழக்கம்.

அடுத்தது ஓசோன். பீட்டா-காரியோஃபிலீன் என்ற செஸ்குவிடெர்பீன் சாதாரண வெளிக்காற்று ஓசோனிலேயே சில நிமிடங்களில் அழிந்துவிடும். உள்ளே வரும் காற்று புதிய செயல்மிகு கரி வழியாக வந்தால் கவலையில்லை. கீழே திறந்த பை வழியாக வெறுமனே இழுக்கும் அமைப்பில்தான் சிக்கல். அதற்குப் பொட்டாசியம் அயோடைடு பூசிய வடிகட்டி வேண்டும். கரி எப்போது மாற்றப்பட்டது என்று தேதி ஒட்டாத ஆய்வகத்தின் காரியோஃபிலீன் எண்ணை நான் நம்புவதில்லை.

பூவிலிருந்து வராத மணங்கள்

இந்தத் துறையின் வேடிக்கையும் தலைவலியும் இதுதான்: அழுக்குகளும் பூமணச் சேர்மங்களாகவே இருக்கின்றன. டீனாக்ஸ் ஓசோனாலும் வயதாலும் சிதைந்தால் பென்சால்டிஹைடும் அசிட்டோஃபீனோனும் வரும். இரண்டுமே உண்மையான பூமணங்கள். மனிதத் தோலின் ஸ்குவாலீன் ஓசோனோடு வினைபுரிந்தால் 6-மெத்தில்-5-ஹெப்டீன்-2-ஓனும் ஜெரனைல் அசிட்டோனும் உண்டாகும். அவையும் பல பூக்களில் உண்டு. டெக்கனலும் தோலிலிருந்து வரும். ஆகவே அறையில் எத்தனை பேர் நின்றார்கள், கையுறை போட்டார்களா என்பதும் தரவில் எதிரொலிக்கும். 2-எத்தில்ஹெக்சனால் பிளாஸ்டிக் மென்மையாக்கியிலிருந்து வருவது. நைலான் பையைச் சூடாக்கினால் கேப்ரோலாக்டம் வரும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அயனியின் நிறை எண் 207, 281 என்று வருவது சிலாக்சேன், 149 என்றால் தாலேட். இவை எளிதில் பிடிபடும். லிமோனீன்தான் மோசம், தரை துடைக்கும் திரவத்திலிருந்தும் வரும், செடியிலிருந்தும் வரும்.

எனவே வெறும் பை ஒன்று போதாது. மண்ணோடு செடியில்லாத தொட்டி ஒன்று, பூவில்லாத இலைக்கிளை ஒன்று, காற்றில்லாமல் மூடியே வைத்த குழாய் ஒன்று என்று மூன்று பிளாங்க்குகளையாவது (பூ இல்லாத ஒப்பீட்டு மாதிரிகள்) அதே நாளில் ஓட்ட வேண்டும். பிளாங்க்கைக் கழிப்பதில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் விதி மாறுகிறது என்பதே ஒரு தனி வேறுபாட்டு மூலம். மாதிரி பிளாங்க்கைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் மட்டும் கழித்து எழுதலாம், இல்லையென்றால் "அளக்க முடியவில்லை" என்று எழுதலாம். எந்த விதியாக இருந்தாலும் கட்டுரையில் சொல்லிவிட வேண்டும்.

இந்த இடத்தில் விழுக்காட்டுப் பட்டியல் எவ்வளவு ஏமாற்றும் என்று பாருங்கள். ஒரு பூவில் பென்சால்டிஹைடு 50, லினலூல் 30, மற்றவை 20. இரண்டாவது ஆய்வகம் பென்சால்டிஹைடைப் பிளாங்க் என்று நீக்கிவிட்டது. உடனே லினலூல் 60% ஆகிவிடும். லினலூலில் ஒரு நானோகிராம்கூட மாறவில்லை.

பெயர் சூட்டுதல்

மோனோடெர்பீன்களின் மாஸ் நிறமாலைகள் அண்ணன் தம்பி போல இருக்கும், பலவற்றில் அயனி 93-தான் முதன்மை. நூலகத் தேடலில் 95% பொருத்தம் வந்தாலும் அது ஒரு குடும்பப் பெயர்தான். 5% ஃபினைல் பூச்சுள்ள கேபிலரியில் (கருவிக்குள் சேர்மங்களைப் பிரிக்கும் நுண்குழாய்) லிமோனீன், பீட்டா-ஃபெலாண்டிரீன், 1,8-சினியோல் மூன்றும் 1024, 1025, 1026 என்ற ரிட்டென்ஷன் இண்டெக்ஸில் (வெளிவரும் நேரத்தை ஆல்கேன்களோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) ஒட்டிக்கொண்டு வரும். ஒரு ஆய்வகம் அந்த மொத்த மேட்டையும் லிமோனீன் என்று எழுதும், இன்னொன்று சினியோல் என்று எழுதும். அயனி 68-ஐ லிமோனீனுக்கும் 154-ஐ சினியோலுக்கும் தனியே பிரித்துப் பார்த்தால் எது எவ்வளவு என்று தெரியும். அல்லது வேறு பூச்சுள்ள வேக்ஸ் கேபிலரியில் ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம்.

இண்டெக்ஸைக் கணக்கிட அதே நாளில், அதே வெப்பநிலை நிரலில் ஆல்கேன் கலவையை ஓட்ட வேண்டும். டெக்கேன் 9.80 நிமிடத்திலும் அன்டெக்கேன் 12.30 நிமிடத்திலும் வருகிறது, நம் பீக் 10.40-இல் என்றால், 0.60-ஐ 2.50-ஆல் வகுத்து நூறால் பெருக்கி 1000-உடன் கூட்டினால் 1024. சீராக ஏறும் வெப்பநிலைக்கான இந்தக் கணக்கு வான் டென் டூலும் கிராட்ஸும் 1963-இல் கொடுத்தது. வெப்பநிலை மாறாத ஓட்டத்துக்கான கோவாட்ஸின் 1958 கணக்கில் மடக்கை வரும். இரண்டையும் "கோவாட்ஸ் இண்டெக்ஸ்" என்றே எழுதிவிடுவதால் தேவையில்லாத குழப்பம்.

வளர்சிதைமாற்றத் தரமுறைக் குழு 2007-இல் அடையாளத்துக்கு நான்கு படிகள் வகுத்தது. உண்மையான ஸ்டாண்டர்டை (இன்னதென்று தெரிந்த தூய சேர்மத்தை) அதே ஆய்வகத்தில், அதே நிலைமையில் ஓட்டி, ஒன்றையொன்று சாராத இரண்டு பண்புகள் ஒத்துப்போனால்தான் முதல் படி. நூலகப் பொருத்தம் இரண்டாம் படி. பட்டியலில் ஒவ்வொரு சேர்மத்துக்கும் பக்கத்தில் 1, 2 என்று ஓர் எண் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. சி.ஏ.எஸ் எண்ணையும் (வேதிப்பொருளின் பதிவு எண்) போடுங்கள். லினலூல் என்றால் 78-70-6 கலவைக்கு, 126-91-0 ஆர் வடிவத்துக்கு, 126-90-9 எஸ் வடிவத்துக்கு. ஆர், எஸ் என்ற ஆடிப்பிம்ப வடிவங்களைப் பிரிக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் கேபிலரி இல்லாதவர்கள் முதல் எண்ணைப் போட்டு, கைமை (எந்த ஆடிப்பிம்ப வடிவம் என்பது) பார்க்கவில்லை என்று எழுதிவிடலாம். எந்த வடிவம் என்று சொல்லாமல் வெறுமனே "ஓசிமீன்" அல்லது "ஃபார்னசீன்" என்பது பெயரே அல்ல.

கருவியே சேர்மத்தை மாற்றிவிடுவதும் உண்டு. ஜெர்மாக்ரீன் ஏ சூடான இன்ஜெக்டரில் (மாதிரியைச் செலுத்தும் வாயில்) கோப் மறுசீரமைப்பு என்ற வினைக்கு உள்ளாகி பீட்டா-எலிமீனாக வெளியே வரும். ஒருவர் 250 °செ.-இல் செலுத்தி எலிமீன் என்கிறார், இன்னொருவர் 150-இல் செலுத்தி ஜெர்மாக்ரீன் ஏ என்கிறார். இருவர் பூவும் ஒன்றே. பட்டியலில் எலிமீன் இருந்தால் இன்ஜெக்டரின் வெப்பத்தை இறக்கி மறுபடி ஓட்டிப் பார்க்காமல் விடக் கூடாது.

அளவுக்கு வந்தால், உள் ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்து சேர்க்கும் ஒப்பீட்டுச் சேர்மத்தை) எங்கே சேர்த்தார்கள் என்பதே முதல் கேள்வி. கழுவிய கரைசலில் நோனைல் அசிட்டேட் சேர்த்தால் அது கரைசலின் கன அளவையும் செலுத்திய அளவையும் திருத்தும், பையிலும் குழாயிலும் போனதைத் திருத்தாது. கழுவும் முன்பே குழாயின் முகப்பில் ஒன்றை ஏற்றினால் கழுவும் இழப்பும் தெரியும். எல்லாப் பீக்குகளையும் டெட்ராலின் என்ற ஒரே ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டு நானோகிராம் என்று எழுதுவது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் சரியல்ல, சேர்ம வகைக்கேற்ப உணர்திறன் இரண்டு மூன்று மடங்குகூட மாறும். குறைந்தது வகைக்கொரு அளவுக்கோடு வேண்டும்: மோனோடெர்பீன் ஒன்று, டெர்பீன் ஆல்கஹால் ஒன்று, பென்சீன் வளைய எஸ்டர் ஒன்று, செஸ்குவிடெர்பீன் ஒன்று.

எஸ்பிஎம்இ இழையைப் (மணத்தை நேரே உறிஞ்சும் பூச்சுள்ள நுண்ணிழை) பற்றிச் சுருக்கமாக: எது இருக்கிறது என்று பார்க்க அருமையான கருவி, ஆய்வகங்களுக்கிடையே அளவை ஒப்பிட ஏற்றதல்ல. மோனோடெர்பீன்கள் இழையில் சீக்கிரம் சமநிலை அடைந்துவிடும், செஸ்குவிடெர்பீன்கள் வெகுநேரம் ஏறிக்கொண்டே இருக்கும். 10 நிமிடம் வைத்தவருக்கும் 40 நிமிடம் வைத்தவருக்கும் விகிதம் வேறாகத்தான் வரும். அரைத்த இலையை வைத்தால் அது செடி விட்ட மணமே அல்ல, காயத்தின் மணம்.

மூன்று பொட்டலங்கள்

ஒரே விதையையும் ஒரே நெறிமுறையையும் எல்லோருக்கும் அனுப்பி ஒப்பிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில் அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியின் மூன்று வகைகளைப் பத்து ஆய்வகங்கள் ஒரே நெறிமுறைப்படி வளர்த்தன. இலை வளர்ச்சியே ஆய்வகங்களுக்கிடையே வேறுபட்டது, ஒளியின் தன்மையும் செடியைக் கையாண்ட விதமும் முக்கியக் காரணங்கள். இலை நிலைமை அது என்றால் மணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே செடியைக் கடைசியாக அனுப்புங்கள்.

முதல் பொட்டலம், உருக்கி மூடிய ஆம்ப்யூல். ஹெக்சேனில் மைக்ரோலிட்டருக்கு 10 நானோகிராம் வீதம் எட்டுப் பத்துச் சேர்மங்கள்: ஆல்ஃபா-பைனீன், லிமோனீன், சினியோல், லினலூல், மெத்தில் சாலிசிலேட், பீட்டா-காரியோஃபிலீன் போன்றவை. பெயரைச் சொல்லாமல் அனுப்புங்கள். இது கருவியையும் பெயர்சூட்டலையும் மட்டும் சோதிக்கும்.

இரண்டாவது, ஏற்றிய குழாய்கள். தெரிந்த கரைசலில் 1 மைக்ரோலிட்டரைக் குழாயில் விட்டு, நிமிடத்துக்கு 100 மி.லி. நைட்ரஜனை ஐந்து நிமிடம் ஓட்டி, பித்தளை மூடியும் டெஃப்லான் வளையமும் போட்டு இறுக்கி அனுப்ப வேண்டும். அதே தொகுதியில் ஆறு குழாய்களை அனுப்புபவர் தன்னிடமே 4 °செ.-இல் வைத்துக்கொண்டு, மூன்றை அனுப்பிய அன்றும் மூன்றைக் கடைசி ஆய்வகம் முடித்த அன்றும் ஓட்டினால் சேமிப்பிழப்பு தனியே தெரியும். ஏற்றாத குழாய்கள் இரண்டும் கூடவே போகட்டும்.

மூன்றாவது, செடிக்குப் பதிலாக ஒரு போலிப் பூ: ஆல்ஃபா-பைனீன் ஊற்றிய, மூடியில் நுண்குழாய் பொருத்திய சிறு குப்பி. நிலையான வெப்பநிலையில் அது சீராகக் கசியும். ஒரு வாரம் முன்னும் பின்னும் நுண்தராசில் நிறுத்தால் மணிக்கு எவ்வளவு விடுகிறது என்பது தெரிந்துவிடும். அதைப் பையில் வைத்து, பூவை அளப்பது போலவே அளக்கச் சொல்லுங்கள். ஐந்தால் பெருக்க மறந்தவர் இங்கே கையும் களவுமாகப் பிடிபடுவார்.

பரவல்களின் வர்க்கங்களைக் கழித்துக்கொண்டே வரலாம். எடுத்துக்காட்டுக்கு ஆம்ப்யூலில் விலகல் 10%, குழாயில் 15% என்றால், குழாய்ப் படி மட்டும் சேர்த்தது 225-இலிருந்து 100 போக 125-இன் வர்க்கமூலம், அதாவது 11%. போலிப் பூவில் 20%, கடைசியில் உண்மைச் செடியில் 40% என்றால், 1,600-இலிருந்து 400 போக 1,200. அதன் வர்க்கமூலம் 35%. அந்த 35%-தான் செடியும் அதை வளர்த்தவர்களும் கொண்டுவந்த பங்கு.

வெளியிடும்போது மூலக் கோப்புகளை எம்இசட்எம்எல் அல்லது நெட்சிடிஎஃப் என்ற பொதுக் கோப்பு வடிவில் போடுங்கள். மாதிரிக் கோப்பு மட்டும் போதாது, அன்றைய ஆல்கேன் ஓட்டமும் மூன்று பிளாங்க்குகளும் அதே கோப்புறையில் வேண்டும். கேபிலரியின் முனையில் அரை மீட்டர் வெட்டினாலே எல்லாப் பீக்குகளும் முன்னே நகர்ந்துவிடும். மூன்று மாதம் பழைய ஆல்கேன் ஓட்டத்தைக் கொண்டு இண்டெக்ஸ் கணக்கிட்டால் அந்த லிமோனீன் மேட்டில் எது எது என்று யாராலும் மறுபடி பிரித்துப் பார்க்க முடியாது.